வாசலில் நிற்கிறவர் எதற்கு என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

இங்கே நானும், வீட்டுக் கூரையும், உன் அம்மாவின் குரலும் திடமாக இருக்கிறோம். மழை வந்தால் கூரை மட்டும் கொஞ்சம் இளகும். மற்ற இரண்டும் இளகுவதில்லை. நீ கிள்ளானிலிருந்து எழுதியது வந்து சேர்ந்தது. பாதிக்குப் பாதி இங்கிலீஷ் கலந்து எழுதியிருக்கிறாய். உன்னை ஏழாவது வரை படிக்கவைத்த பாவத்துக்கு, ரயில்வேயில் கணக்கெழுதுகிற அடுத்த வீட்டுக் கிராணியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் எழுத்து அப்படி. இருந்தாலும் விஷயம் விளங்கியது. லோரிக் கொட்டகைக்கு உன்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள். பழைய தவுக்கே முதலாளி நாற்காலியை விட்டு ஓய்ந்துவிட்டார், மகன் சின்னத் தவுக்கே புது லோரிகளை இறக்கியிருக்கிறார், அவை காலால் ஒரு குமிழை அழுத்தினாலே கிளம்பிவிடுகின்றன, இனி முன்னால் போய் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டியதில்லை. ஹேண்டிலே இல்லாதபோது காலையில் வாசலில் நின்று ஹேண்டில் எடுத்துக் கொடுக்கிற வீரமுத்து எதற்கு என்று கேட்டிருக்கிறாய். மாதக் கடைசியில் நிறுத்திவிடலாம் என்று சின்னத் தவுக்கே சொல்கிறாராம், முடிவை மட்டும் உன்னிடம் விட்டிருக்கிறாராம். 'உங்கள் சிநேகிதர் என்பதால் உங்களிடம் ஒரு வார்த்தை' என்று முடித்திருக்கிறாய்.

ஒரு வார்த்தைதான் கேட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் எத்தனை வரும் என்று தெரிந்தும் கேட்டது உன் தப்பு. அவரை வைத்துக்கொள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அனுப்பிவிடு என்பதற்காகவும் இல்லை. என் சிநேகிதன் என்பதற்காக ஒருவனைச் சம்பளத்தில் வைத்திருந்தால் அது கொட்டகை இல்லை, அன்னச்சத்திரம். ஆனால் அவருடைய வேலை ஹேண்டில் கொடுப்பது என்று எழுதியிருக்கிறாயே, அது சரியில்லை. என்ன வேலை என்று தெரியாமல் ஒரு வேலையை நிறுத்துவது, எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பாராமல் அறுப்பதுபோல. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் அறு. நான் மரத்தடியில் நிற்கமாட்டேன், தள்ளியே நிற்பேன்.

லோரி வருவதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் நம் கொட்டகை மாட்டுவண்டிக் கொட்டகை என்பது உனக்கு மங்கலாக நினைவிருக்கும். நீ அப்போது சாணியில் வழுக்கி விழுந்துவிட்டு, மாடு தள்ளியது என்று அம்மாவிடம் பொய் சொல்கிற வயது. நான் வண்டிக்காரர்களை வேலைவாங்குகிற மண்டோர். சூளையிலிருந்து செங்கல், தோட்டங்களிலிருந்து ரப்பர், எதுவானாலும் ரயில் கிட்டங்கிக்கு நம் வண்டிகள்தான். எல்லாம் ஒரே வரிசையாகப் போகும். அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்வண்டிக்காரன்தான் எதற்கும் முதல். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வண்டி கட்டினால் அவன் வண்டிக்குத்தான் முதல் மாலை. சோறு வந்தால் முதல் இலை. புது மாடு வாங்கினால் முதலில் பொறுக்குவது அவன். அந்த முன்வண்டி வீரமுத்துவுடையது. அவர் கையில் சாட்டை உண்டு, அது மாட்டின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுப்பார், மாடு திரும்பும். வேறு ஒரு சத்தம், நிற்கும். மாட்டின் கண்ணைப் பார்த்தே இன்றைக்கு இது இழுக்காது என்று அவிழ்த்துவிட்டுவிடுவார். அவருக்கு நேரெதிர் கடைசி வண்டிக்காரன் சின்னப்பன். அவன் மாடுகளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. மற்றவர்கள் வீடு திரும்பும்போது வண்டியில் நிம்மதியாகத் தூங்குவார்கள், மாடு தானே வந்து சேரும். சின்னப்பன் ஒரு நாள் கண்ணயர்ந்தான், மாடுகள் அவனைச் சதுப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மேயப் போய்விட்டன. அதிலிருந்து அவன் கண்ணை மூடியதே இல்லை.

முதல் லோரி வந்தது. யார் ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? முன்வண்டிக்காரன்தான் எதற்கும் முதல். லோரிக்கு மாலை, வீரமுத்துவுக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஒரு மலாய்க்கார டிரைவரை வைத்து ஒரு மாதம் பழக்கினார்கள். பழைய தவுக்கே தானே தேங்காய் உடைத்தார். அவர் உடைத்தது இரண்டாகப் போகாமல் உருண்டு ஓடியதை நான் மட்டும் பார்த்துச் சிரித்தேன், என் முழங்கையை உன் அம்மா கிள்ளினாள். அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேருக்கும், எனக்கும் சேர்த்து, அதைவிடச் சரியான ஆள் தோன்றியிருக்காது. மாட்டை அப்படி ஓட்டியவன் லோரியை எப்படி ஓட்டமாட்டான்?

கிள்ளான் ரோட்டில் பெட்டாலிங் தாண்டி ஒரு இறக்கம் இருக்கிறதே, இறங்கியதும் வளைகிற இடம், அங்கேதான் அது நடந்தது. மாட்டுவண்டிக்கு அந்த இறக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கயிற்றைப் பிடித்து இழுத்தால் மாடு மிரளும், பாரம் முதுகில் ஏறும். அங்கே கயிற்றைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும். மாடு தானே காலை ஊன்றி, தானே அடக்கி, தானே வளைந்து இறங்கிவிடும். வீரமுத்து அந்த இடத்தில் கையைத் தளர்த்தியே வருஷக்கணக்காகப் பழகியவர். லோரி அந்த இறக்கத்துக்கு வந்ததும் அவர் கை, அவரைக் கேட்காமல், தளர்ந்துவிட்டது. லோரிக்கு வளைவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அது நேரே ரப்பர் மரங்களுக்குள் போய்ப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஆளுக்குச் சிராய்ப்போடு போனது புண்ணியம். தம்பி, இதில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள். அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. பழைய வேலையில் எது ரொம்பச் சரியோ அதையே புது வேலையில் செய்தார். உன்னிடம் வேலை மாறும்போதெல்லாம் கெட்டிக்காரன்தான் முதலில் விழுவான். விழுந்ததைப் பார்த்து அவனைச் சோம்பேறி, கிழவன் என்று பேர் கட்டாதே. வேறு யாராவது கட்டினால் அந்த ஆளைக் கொஞ்சம் கவனி, அவன் விழுந்தவனுடைய இடத்துக்கு ஆசைப்படுகிறவனாக இருப்பான்.

அடுத்து ஓட்டியது யார் தெரியுமா? சின்னப்பன். வேறு ஆள் இல்லாத ஒரு நாள், அவனாகவே ஏறி உட்கார்ந்தான். எதையும் நம்பாமல், எந்நேரமும் கண்ணைத் திறந்தே ஓட்டிப் பழகியவனுக்கு லோரி லட்டுபோல இருந்தது. 'இதுக்குக் கொம்பு இல்ல, என்னை முட்டாது, எனக்கு இதான் பொருத்தம்' என்றான். வரிசையின் கடைசி ஆள் முதல் டிரைவரானான். கொட்டகையே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வீரமுத்து இல்லை.

மாடுகளை விற்றாகிவிட்டது. வெறிச்சோடிய மாட்டுக்கொட்டகையில், கட்டுத்தறியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கப்பல் எப்போது என்று என்னிடம் விசாரித்தார். ஊரில் அவருக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிண்டல்தான். அன்றைக்கு அதுவும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, லோரி ஹேண்டில்கள் ராத்திரியோடு காணாமல் போகின்றன, யாரோ பழைய இரும்புக்காரனிடம் போடுகிறான், காலையில் வாசலில் நின்று எடுத்துக்கொடுக்க நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும் என்றேன். அது உண்மைதான், கட்டிச் சொன்ன கதையில்லை. அவர் என்னைப் பார்த்து, 'முன்வண்டி ஓட்டினவன வாசல்ல இரும்பு காக்கச் சொல்றீங்களா மண்டோரே?' என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? மழுப்பியிருந்தால் எழுந்து போயிருப்பார். மறுநாள் விடியும்போது வாசலில் நின்றார்.

அவருக்கு நான் கொடுத்தது நிற்க ஒரு இடம் மட்டும். வேலையை அவரே உண்டாக்கிக்கொண்டார். ஹேண்டிலைக் கையில் கொடுக்கும்முன் ஆளைப் பார்ப்பார். மாட்டைப் பார்த்த அதே பார்வை. கண், உதடு, நிற்கிற நிலை. இரண்டு வார்த்தை பேசுவார், சாப்பிட்டாயா, பிள்ளைக்கு இருமல் எப்படி என்று ஏதாவது. பிறகு ஹேண்டிலைக் கொடுப்பார். ஒரு நாள் சின்னப்பனுக்குக் கொடுக்கவில்லை. 'இன்னைக்கு நீ ஓட்டாத. உக்காரு' என்றார். சின்னப்பன் விடுவானா? அத்தனை பேர் எதிரிலும் குதித்தான். 'லோரியப் பள்ளத்துல விட்ட ஆளு எனக்குச் சொல்றதா? நான் இந்தக் கொட்டகைக்கு மொத டிரைவரு' என்றான். எல்லோர் காதிலும் விழுந்தது. வீரமுத்துவின் முகம் மாறவில்லை. 'ஆமா, பள்ளத்துல விட்டவன்தான். அதான் சொல்றேன், உக்காரு' என்றார். ஹேண்டிலைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நண்பகலுக்குள் சின்னப்பன் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க நடுங்கினான், குளிர்காய்ச்சல். ஓட்டியிருந்தால் அந்நேரம் அவன் அந்த இறக்கத்தில் இருந்திருப்பான். காய்ச்சல் விட்டு எழுந்து வந்தவன் வீரமுத்துவிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கட்டு வெற்றிலையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹேண்டிலை வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் ஆண்பிள்ளைகளின் மன்னிப்பு.

இதைக் கேட்டு அவரை முனிவர் என்று நினைத்துவிடாதே. அவர் பார்வை தப்பியதும் உண்டு. புதிதாய்க் கல்யாணமான ஒருத்தன் கண் சிவந்து வந்தான், காய்ச்சல் என்று உட்காரவைத்துவிட்டார். அவன் வெட்கத்தில் காரணத்தையும் சொல்ல முடியாமல் நாள் பூராவும் உட்கார்ந்திருந்தான், கொட்டகையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. பிடிக்காத ஆளை ஒரு கண் கூடுதலாகப் பார்ப்பார், அதற்காக அவரோடு நான் சண்டைபோட்டிருக்கிறேன். பெரிய தப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஹேண்டில் கிடைக்காதவனுக்கு அன்றைய கூலி இல்லை என்று பழைய தவுக்கே ஒரு சட்டம் போட்டார். ஓடாத வண்டிக்கு எதற்குக் கூலி? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் பார், நம் ஆட்கள் காய்ச்சலோடு வந்தால் உதடு வெளுத்தது தெரியாமலிருக்க வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வருவார்கள். முகத்தில் தண்ணீர் அடித்து, தலையில் எண்ணெய் வைத்து, மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நிற்பார்கள். விடிகாலையில் ஒருத்தன் வாய் சிவக்கச் சிரித்தாலே வீரமுத்துவுக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்து என்ன பிரயோசனம்? கொடுக்காவிட்டால் அவன் வீட்டில் உலை இல்லை. கையை நீட்டிக் கொடுத்துவிட்டு அந்த லோரி திரும்புகிறவரை வாசலிலேயே நிற்பார், சாப்பிடப் போகமாட்டார்.

லோரியைக் கிளப்பச் சுற்றும்போது ஒருத்தனுக்கு ஹேண்டில் திருப்பியடித்து மணிக்கட்டு முறிந்தது. காய்ச்சல் உடம்போடு சுற்றியிருக்கிறான், பிடி தளர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் தவுக்கேயிடம் போனேன். நான் போனால் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். அவர் நாற்காலிக்கு எதிரில் வாய் நிறைய வெற்றிலையோடு நின்று பல்லை இளித்தேன். என்ன இது என்றார். 'எனக்கு நல்ல காய்ச்சல் தவுக்கே. ஆனா பாருங்க, எவ்வளவு தெம்பா இருக்கேன்' என்றேன். அவருக்கு விளங்க நேரமானது, விளங்கியதும் சிரிக்கவில்லை. ஹேண்டில் கிடைக்காதவன் அன்று கொட்டகையில் சரக்கு மூட்டை கட்டுகிற வேலையைப் பார்க்கட்டும், முடியாதவன் படுக்கட்டும், கூலியில் கைவைக்க வேண்டாம் என்று மாற்றினார். அதற்கப்புறம்தான் ஆட்கள் தாங்களாகவே வீரமுத்துவிடம் வந்து, 'அண்ணே, இன்னைக்கு எனக்கு வேணாம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தம்பி, உன் ஆள் உன்னிடம் முடியவில்லை என்று சொல்கிறானா, வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறானா? கொட்டகை ஓடுகிற லட்சணம் அதில் தெரிந்துவிடும். சொல்கிறவன் வளருவான். மறைக்கிறவன் மறைப்பதில் கெட்டிக்காரனாவான், அவ்வளவுதான்.

கிள்ளானில் கொட்டகை திறந்தபோது, நான் சொல்லாமலே, அவரைத்தான் தவுக்கே அங்கே அனுப்பினார். மிச்சம் உனக்குத் தெரியும். இப்போது குமிழ் வந்திருக்கிறது. வரட்டும். நான் குமிழுக்கு விரோதியில்லை, மணிக்கட்டாவது முறியாமல் மிஞ்சும். லோரியைக் கிளப்ப அவர் இனி வேண்டாம் என்பதும் சரிதான். நீ யோசிக்க வேண்டியது ஒன்றுதான். குமிழ் லோரியைக் கிளப்பும், ஆளைப் பார்க்காது. இதுவரை ஹேண்டிலை வாங்க ஒவ்வொருவனும் ஒரு மனிதன் எதிரில் வந்து நின்றான். இனி நேரே ஏறி, அழுத்தி, போய்விடுவான். அந்தப் பார்வை உனக்கு வேண்டாம் என்றால் அவரை நிறுத்து, கலங்காதே. வேண்டும் என்றால், அவரா வேறொருவரா, எப்படி, எங்கே என்று நீ ஏற்பாடு செய். இளையவர்களில் ஒருவன் அவரைவிட நன்றாகப் பார்ப்பவனாக இருந்தால் அவனை வாசலில் நிற்கவை. அதில் எனக்கு வருத்தமில்லை. வீரமுத்துவை வேலையை விட்டு நிறுத்துவதானால் மட்டும் நீயே வாயால் சொல். கிராணியிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பாதே. லோரியைப் பள்ளத்தில் விட்டதை முகத்துக்கெதிரே சொன்னவனுக்கே மறுபடி ஹேண்டில் கொடுத்தவர் அவர், நேரில் சொன்னால் தாங்குவார்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து ரயிலேறி இங்கே வந்தார். உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்சம் சீண்டிப் பார்த்தேன், புது லோரி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதாமே என்று. அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே, அதெல்லாம் தெரியும், மாத முடிவு என்று பேசிக்கொள்கிறார்கள், தம்பி எது செய்தாலும் சரிதான் என்றார். உன்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். உன் அம்மா கொண்டுவந்து வைத்த பலகாரத்தைத் தொடவில்லை. பிறகு சொன்னார்:

'தம்பி தூங்கறதில்ல மண்டோரே. விடியறதுக்கு முந்தியே வந்து உக்காந்திருது. ஒரே காயிதத்த ரெண்டு மூணு தடவ எடுத்துப் பாக்குது. கோப்பிக் கோப்பைய ரெண்டு கையால பிடிக்குது. சின்னத் தவுக்கே வந்தா மட்டும் ரொம்பச் சிரிக்குது. டிரைவரா இருந்தா உக்காரச் சொல்லிருவேன். தலைவரா வந்திருக்கறப்ப நான் யாரு சொல்றதுக்கு? மேல இருக்கறவங்கள வாசல்ல நிறுத்திப் பாக்குறது யாரு?'

இதைச் சொல்லத்தான் ரயிலேறி வந்தாராம். சொல்லிவிட்டு மாலை வண்டிக்கே போய்விட்டார். நீ நிறுத்தப்போகிற ஆள், தன் வேலையைப் பற்றி எனக்குச் சொன்னது அரை வாக்கியம். மீதி எல்லாம் உன்னைப் பற்றி.

கொட்டகையில் எல்லாம் சௌக்கியம் என்று எழுதியிருந்தாயே, அதை நான் நம்பினேன். நானும் தகப்பன்தானே, வெற்றிலைச் சிவப்பைப் பார்த்துத் தெம்பு என்று நினைத்துவிட்டேன். உன் அம்மா நினைக்கவில்லை. வீரமுத்து படியிறங்கும்போதே இவள் பெட்டியை எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கிள்ளான் வருகிறாள். தடுத்துப் பார்த்தேன், வண்டிக்காரர்களையும் டிரைவர்களையும் கட்டி மேய்த்த திறமை எனக்கு வீட்டுக்குள் பலிப்பதில்லை. ஸ்டேஷனுக்கு வந்து நில். உன்னைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும், அதனால் சிரிக்க மெனக்கெடாதே.

வீரமுத்து விஷயத்தில் முடிவு உன்னுடையது. ஆனால் தூங்கியெழுந்த பிறகு எடு. அவருடைய இடத்தில் யாரை நிறுத்துவது என்று யோசிக்கும்போது, உன்னைப் பார்த்து 'இன்னைக்கு வேணாம், உக்காரு' என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசி. ஒருவரும் இல்லையென்றால் மாதக் கடைசிக்கு முன்னால் எனக்குத் தெரியப்படுத்து. நானே வந்து நிற்கிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம், மூன்று வேளையும் சோறு போட்டால் போதும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

அப்பா